8 நட் பிக்கப்புக்கு 19.5 அங்குல லாரி வீல்: எடைமேடையில் தொடங்கி டார்க் ரெஞ்ச் வரை

அமெரிக்காவிலும் கனடாவிலும் ஃபோர்டு எஃப்-350, ராம் 3500, செவர்லே சில்வராடோ 3500 மாதிரியான ‘ஒரு டன்’ பிக்கப் வைத்திருப்பவர்களிடம் இந்தப் பேச்சு அடிக்கடி அடிபடும்: “தொழிற்சாலை கொடுத்த 17, 18 அங்குல வீலைக் கழற்றிவிட்டு, டெலிவரி லாரிகளில் வருகிற 19.5 அங்குல வீலைப் போட்டால் என்ன?” பின்தொட்டியில் கேம்பரை (தங்கிப் பயணிக்கும் சிறு கூடு) ஏற்றி ஊர் சுற்றுபவர்கள், தொட்டிக்குள் கொக்கி மாட்டும் ஃபிஃப்த் வீல் டிரெய்லர் இழுப்பவர்கள், அதேபோல் மாட்டும் கூஸ்நெக் டிரெய்லரோடு ஹாட்ஷாட் எனப்படும் அவசரச் சரக்கு ஓட்டுபவர்கள் ஆகியோருக்கு இது நல்ல மாற்றம்தான். வெறும் வண்டியில் அலுவலகம் போய் வருபவருக்கு இது பணச்செலவும் முதுகுவலியும். நீங்கள் எந்தப் பக்கம் என்று எடைமேடைதான் சொல்லும், அதனால் அங்கிருந்தே தொடங்குவோம்.

முதலில் எடை போடுங்கள்

நெடுஞ்சாலை டிரக் ஸ்டாப்களில் ‘கேட் ஸ்கேல்’ எடைமேடை இருக்கும். வழக்கமாக எப்படிப் பயணம் போவீர்களோ அப்படியே வண்டியை நிரப்பிக்கொண்டு போங்கள்: டேங்க் நிறைய டீசல், கேம்பரில் தண்ணீர், சாமான், வீட்டு ஆட்கள், டிரெய்லர் இருந்தால் அதுவும். எடைச்சீட்டில் முன் அச்சு, பின் அச்சு, டிரெய்லர் மூன்றுக்கும் தனித்தனி எடை வரும். பின் அச்சு எடையை வட்டமிட்டுக்கொள்ளுங்கள்.

அடுத்து ஓட்டுநர் கதவைத் திறந்து, தூணில் ஒட்டியிருக்கும் லேபிளைப் பாருங்கள். ஜி.வி.டபிள்யூ.ஆர். என்பது வண்டியின் மொத்த எடை வரம்பு. ஜி.ஏ.டபிள்யூ.ஆர். என்பது ஒவ்வொரு அச்சுக்குமான வரம்பு. இப்போது டயரின் பக்கச்சுவரைப் படியுங்கள். உதாரணமாக எல்.டி. (இலகு லாரி) 275/70 ஆர் 18, லோட் ரேஞ்ச் (பாரம் தாங்கும் வகை) ‘இ’ டயர் 80 பி.எஸ்.ஐ. காற்றில் 3,640 பவுண்டு தாங்கும். ஒற்றைச் சக்கர வண்டியில், அதாவது பின் அச்சில் பக்கத்துக்கு ஒரே சக்கரம் உள்ள வண்டியில், பின்னால் இரண்டு டயர், ஆக 7,280 பவுண்டு. கேம்பர் ஏற்றிய வண்டியின் பின் அச்சு இந்த எண்ணைத் தொட்டுக்கொண்டு நின்றால், வளைவில் வண்டி ஏன் இப்படி ஆடுகிறது என்ற கேள்விக்குப் பாதிப் பதில் கிடைத்துவிட்டது.

19.5 வரிசையில் 245/70 ஆர் 19.5, லோட் ரேஞ்ச் ‘ஜி’ டயர் ஒன்று 110 பி.எஸ்.ஐ.யில் 4,540 பவுண்டு தாங்கும். இரண்டுக்கும் சேர்த்து 9,080. அதாவது பின் அச்சின் டயர் தாங்குதிறன் மட்டும் 1,800 பவுண்டு கூடுகிறது.

இந்த இடத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். டயர் 9,080 தாங்குகிறது என்பதால் வண்டியும் தாங்கும் என்று ஆகாது. கதவில் ஒட்டிய லேபிள் எந்த வீலைப் போட்டாலும் மாறாது. அச்சு, பேரிங், ஸ்பிரிங் பட்டை, பிரேக், சேஸிஸ் எல்லாம் அதே பழையதுதான். வரம்பைத் தாண்டி ஏற்றிய வண்டி விபத்தில் சிக்கினால், காப்பீட்டு நிறுவனமும் எதிர்த்தரப்பு வக்கீலும் அந்த லேபிளைத்தான் படிப்பார்கள். 19.5 வீல் தருவது கூடுதல் பாரத்துக்கான அனுமதியல்ல. ஏற்கனவே வரம்புக்குள் ஏற்றும் பாரத்தை டயர் திணறாமல் சுமக்க அது உதவுகிறது. எடைச்சீட்டு லேபிளையே தாண்டியிருந்தால் வீலை மறந்துவிட்டு வேறு வண்டி பாருங்கள். 10 நட்டோடு, தொழிற்சாலையிலிருந்தே 19.5 வீலில் வரும் எஃப்-450 பிக்கப் இருக்கவே இருக்கிறது.

ஏன் அரை அங்குலம்?

17.5, 19.5, 22.5, 24.5 என்று ட்யூப் இல்லாத டயருக்கான லாரி ரிம்கள் அரையில் முடியும். டயரின் பீட் (ரிம்மைக் கவ்வும் உள்விளிம்பு) உட்காரும் இடம், கார் ரிம்மில் 5 பாகை சரிந்திருக்கும்; இந்த ரிம்களில் 15 பாகை. அதனால் 19.5 ரிம்மில் 19 அங்குல டயரையோ 20 அங்குல டயரையோ ஏற்றவே முடியாது, ஏற்ற முயல்வதும் ஆபத்து. டயர் தேர்வு முழுக்க வணிக லாரி டயர்களுக்குள் அடங்கிவிடும். சேற்றுப் பாதைக்கான கரடுமுரடான மட் டெரெய்ன் டயர் ஆசை இருப்பவர்கள் இப்போதே யோசித்துக்கொள்ளுங்கள்.

அளவைத் தேர்ந்தெடுத்தல்

நான் பரிந்துரைப்பது இரண்டே அளவு.

ஒற்றைப் பின்சக்கர வண்டிக்கு 245/70 ஆர் 19.5. இதன் விட்டம் சுமார் 838 மி.மீ. பழைய 275/70 ஆர் 18-இன் விட்டம் 842 மி.மீ. வித்தியாசம் 4 மி.மீ., அவ்வளவுதான். ஸ்பீடோமீட்டரைத் தொட வேண்டாம், கியர் விகிதம் மாறாது, வண்டியை உயர்த்தும் லிஃப்ட் கிட் வேண்டாம், ஸ்டெப்னியும் தொட்டிக்கு அடியில் பழைய இடத்திலேயே தொங்கும்.

பின்னால் இரட்டைச் சக்கரம் உள்ள வண்டிக்கு, அதாவது ‘ட்யூலி’க்கு, 225/70 ஆர் 19.5. விட்டம் 810 மி.மீ. பழைய 235/80 ஆர் 17-க்கு 808. இங்கேயும் அதே கதை. இரட்டையாகப் போடும்போது பழைய டயர் ஒன்று 2,835 பவுண்டு தாங்கும், 225/70 லோட் ரேஞ்ச் ‘ஜி’ டயர் 3,750 தாங்கும்.

பெரிதாகத் தெரிய வேண்டும் என்பவர்கள் 285/70 ஆர் 19.5-க்குப் போகிறார்கள். விட்டம் 894 மி.மீ., 35 அங்குலத்துக்குச் சற்று மேல். பழைய டயரைவிட 6 சதவீதம் உயரம் என்பதால் 3.73 கியர் விகித அச்சு, 3.51 போல நடந்துகொள்ளும். மலையேற்றத்தில் டிரெய்லர் இழுக்கும்போது அது காலுக்குத் தெரியும். மட்கார்டு இடிக்கிறதா என்று பார்க்க வேண்டும், ஸ்பீடோமீட்டரையும் திருத்த வேண்டும். ஃபோர்டுக்கு ஃபோர்ஸ்கேன், ராமுக்கு ஆல்ஃபா ஓ.பி.டி. மென்பொருளைப் பயன்படுத்துகிறார்கள். இழுவைக்காக வீல் மாற்றுகிறவர் இழுவையைக் குறைக்கும் டயரை வாங்குவது எனக்கு விளங்குவதில்லை.

ட்யூலியில் 8-லிருந்து 10 நட்டுக்கு மாற்றும் அடாப்டர் போட்டு 22.5 அல்லது 24.5 அங்குல செமி (பெரிய டிரெய்லர் லாரி) வீல் மாட்டும் மோகம் தனி உலகம். 255/70 ஆர் 22.5 டயரின் விட்டமே 36.5 அங்குலம். கண்காட்சிக்கு நன்றாக இருக்கும். அடாப்டரும் கனமான வீலும் பேரிங்குக்குக் கூடுதல் சுமை. பாரம் சுமக்கிற வண்டிக்கு வேண்டாம்.

ரிம்: இங்கே ஒரு மி.மீ.கூடப் பிசகக் கூடாது

8 நட் என்றால் எல்லாம் ஒன்று என்று நினைத்துவிடாதீர்கள். நட்டுகள் அமைந்த வட்டத்தின் விட்டம் நிறுவனத்துக்கு நிறுவனம், ஆண்டுக்கு ஆண்டு மாறும்.

- ஃபோர்டு சூப்பர் டூட்டி ஒற்றைச் சக்கரம்: 8 × 170 மி.மீ., 1999 முதல். எஃப்-350 ட்யூலி: 2005 முதல் 8 × 200.
- ஜி.எம். 2500, 3500: 2010 வரை 8 × 165.1 (பழைய கணக்கில் ஆறரை அங்குலம்). 2011 முதல் ஒற்றைக்கு 8 × 180, ட்யூலிக்கு 8 × 210.
- ராம் 2500, 3500: 8 × 165.1. ட்யூலி மட்டும் 2019 முதல் 8 × 200.

அடுத்தது நடுத்துளை. வீல் ஹப்பின் (அச்சு முனையில் வீல் மாட்டும் குடம்) மேல் உட்கார வேண்டும், ஸ்டட்டில் (நட் ஏறும் போல்ட்) தொங்கக் கூடாது. நடுத்துளை பெரிதாக இருந்தால் எவ்வளவு பேலன்சிங் செய்தாலும் மணிக்கு 60 மைல் வேகத்தில் ஸ்டியரிங் நடுங்கக்கூடும். 4×4 வண்டியில் முன் ஹப் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், அதற்கும் வழி இருக்கிறதா என்று கேளுங்கள்.

ரிம் அகலம்: 225/70-க்கு 6.00 அல்லது 6.75 அங்குலம், 245/70-க்கு 6.75 அல்லது 7.50. ஆஃப்செட் (வீல் எவ்வளவு உள்ளே அல்லது வெளியே தள்ளி உட்காரும் என்ற அளவு) பழைய வீலுக்கு நெருக்கமாக இருக்கட்டும். அப்படியிருந்தால் உள்ளே ரேடியஸ் ஆர்மையும் (முன் அச்சைப் பிடிக்கும் கை) இடிக்காது, வெளியே மட்கார்டைத் தாண்டியும் போகாது. பழைய 275-ஐவிட 245 ஒடுக்கம் என்பதால் இட நெருக்கடி பொதுவாக வராது.

ரிம்மின் உட்பக்கத்தில் அது தாங்கும் எடை பொறித்திருக்கும். டயர் 4,540 தாங்கி, ரிம் 3,600 மட்டுமே தாங்கினால், உங்கள் வரம்பு 3,600தான். எடை பொறிக்காத ரிம்மை, எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும், வாங்காதீர்கள்.

ட்யூலிக்கு இன்னொரு கணக்கு உண்டு. உள் டயர் மையத்துக்கும் வெளி டயர் மையத்துக்கும் இடையே குறைந்தபட்ச இடைவெளி எவ்வளவு வேண்டும் என்று ஒவ்வொரு டயரின் விவரத்தாளிலும் போட்டிருக்கும். காலியாக நிற்கும்போது விரல் நுழைகிற சந்து, பாரம் ஏற்றியதும் காணாமல் போகும். டயரின் வயிறு பிதுங்கி இரண்டும் உரசத் தொடங்கும். உரசினால் சூடு, சூட்டில் பக்கச்சுவர் கிழியும். அதனால் வீல் விற்பவரிடம் “இந்த ஜோடிக்கு இடைவெளி எத்தனை மி.மீ.?” என்று எழுத்தில் கேட்டு வாங்கி, டயர் தாளோடு ஒப்பிட்ட பிறகே பணம் கட்டுங்கள். ட்யூலியில் 245 போடலாமா என்று கேட்பவர்களுக்கும் இதுதான் பதில்.

இரும்பா, அலுமினியமா? இரும்பு மலிவு. அலுமினியம் எடை குறைவு, ஆனால் நடுத்தட்டு தடிமன். அதனால் ஸ்டட் நீளம் போதுமா என்று பார்க்க வேண்டும். 14 மி.மீ. ஸ்டட்டில் 1.5 மி.மீ. மரை என்றால், நட் கையால் குறைந்தது 9, 10 சுற்றாவது ஏற வேண்டும். 6 சுற்றிலேயே இறுகிவிட்டால் நீள ஸ்டட் மாற்றுங்கள். நட்டும் வீலுக்கு ஏற்றதாக இருக்க வேண்டும்: கூம்பு நட் கேட்கும் வீலில் தட்டை நட் போட்டால் அது இறுகியதுபோல் இருக்கும், ஆனால் நிற்காது.

டயர் எழுத்தைப் படித்தல்

ஒரு 245/70 ஆர் 19.5-இன் பக்கச்சுவரில் ‘133/131 என்’ என்று இருக்கிறது என வைத்துக்கொள்வோம். 133 என்பது ஒற்றையாகப் போட்டால் 4,540 பவுண்டு, 131 என்பது இரட்டையாகப் போட்டால் 4,300. ‘என்’ என்பது வேகக் குறி, மணிக்கு 140 கி.மீ., அதாவது 87 மைல். ‘எல்’ என்றிருந்தால் 75 மைல்தான். டெக்சாஸில் ஆஸ்டினுக்குத் தெற்கே போகும் 130-ஆம் எண் கட்டணச் சாலையில் 85 மைல் பலகையே இருக்கிறது. அந்த ஊர்க்காரர் ‘எல்’ டயரை வாங்கிப் போட்டுக்கொண்டு போனால் டயரோடு சண்டைதான்.

பக்கத்திலேயே டி.ஓ.டி. என்று தொடங்கும் வரியின் கடைசி நான்கு இலக்கம் தயாரித்த வாரமும் ஆண்டும். ‘2324’ என்றால் 2024-இன் 23-ஆவது வாரம். லாரி டயர்கள் கிடங்கில் நாள்பட்டுக் கிடப்பது உண்டு, பார்த்து வாங்குங்கள்.

பட்டன் (தரையில் படும் ரப்பர் வரி) வடிவத்தில் இரண்டு வகை. நேர்கோட்டு வரிகளோடு வருவது ‘ஆல் பொசிஷன்’. சத்தம் குறைவு, நெடுஞ்சாலைக்கு நல்லது. கட்டை கட்டையாக வருவது ‘டிரைவ்’. பின்னால் போட, சேற்றிலும் பனியிலும் பிடிக்கும். 4×4 வண்டியில் முன்னும் பின்னும் வேறு வடிவம் போடலாம், விட்டம் மட்டும் ஒன்றாக இருக்க வேண்டும், இல்லையென்றால் முன், பின் அச்சுகளுக்கு விசையைப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் பழுதாகும். பனிப் பகுதியில் இருப்பவர்கள் மலைக்குள் பனித்துகள் வரைந்த முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். லாரி ரப்பர் கெட்டி, அதனால் நீண்ட நாள் உழைக்கும். அதே காரணத்தால் மழையிலும் பனியிலும் காலி வண்டி சாதாரண டயரைவிடச் சறுக்கும். வளைவில் வேகத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

வீல் மாட்டும் முன் வண்டியின் அடியைப் பாருங்கள்

புதிய வீலும் டயரும் சேர்ந்து பழையதைவிட நன்றாகவே கனக்கும். சூப்பர் டூட்டி 4×4-இலும் ராமிலும் முன்னால் ஒற்றை இரும்பு அச்சு. டிராக் பார் புஷ், பால் ஜாயின்ட், ஸ்டியரிங் டேம்பர் இவற்றில் ஒன்று தேய்ந்திருந்தாலும் போதும். பாலத்து இணைப்பில் ஒரு குலுக்கல் விழும், அதன்பின் ஸ்டியரிங் கையில் நிற்காமல் வண்டியே உதறும். இதைத்தான் ‘டெத் வாபிள்’ என்கிறார்கள். பழைய வீலில் ஒளிந்திருந்த தேய்மானத்தைக் கனமான வீல் வெளியே இழுத்துவிடும். பிறகு எல்லோரும் டயரைத் திட்டுவார்கள். முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, மேலும் கீழும், இடமும் வலமும் டயரைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.

டயரை ரிம்மில் ஏற்றுவது உங்கள் வேலையல்ல

கார் டயர்க் கடைகள் பெரும்பாலும் 19.5-ஐத் தொடவே மாட்டார்கள், தொடாமலிருப்பதே நல்லது. லாரி டயர்க் கடைக்குப் போங்கள். அமெரிக்கத் தொழிலாளர் பாதுகாப்பு அமைப்பான ஓஷாவின் 1910.177 விதி, கார் டயரையும் எல்.டி. டயரையும் விட்டுவிடுகிறது. லாரி டயரை ரிம்மில் ஏற்றிக் காற்றடிக்கும்போது இரும்புக் கூண்டு மாதிரியான தடுப்புக்குள் வைக்க வேண்டும், வால்வில் கவ்விக்கொள்ளும் முனையும் நீளக் குழாயும் வேண்டும், ஆள் தள்ளி நிற்க வேண்டும் என்பது அதன் சாரம். 110 பி.எஸ்.ஐ.யில் பீட் தெறித்தால் ரிம் பறக்கும். முற்றத்தில் கிடக்கும் கம்ப்ரசரை வைத்து இதைச் செய்து காட்டும் வீடியோக்களைப் பார்த்துவிட்டு யாரும் இறங்க வேண்டாம்.

கடையில் நீங்கள் கேட்க வேண்டியவை சில. ரப்பர் வால்வு இந்த அழுத்தத்துக்கு ஆகாது, நட் போட்டு இறுக்கும் உலோக வால்வு வேண்டும். ட்யூலியின் உள் வீலுக்கு வெளியிலிருந்து எட்டும் நீள வால்வு வேண்டும். உள்ளும் வெளியும் வால்வுகள் எதிரெதிர்த் துளைகளில் வருமாறு பொருத்தச் சொல்லுங்கள். காற்றழுத்த சென்சாரைப் பழைய வீலிலிருந்து எடுத்துப் போட முடியுமா, அது 100-க்கு மேல் படிக்குமா என்று முன்கூட்டியே கேளுங்கள். இல்லையென்றால் வால்வு மூடியில் திருகும் தனி சென்சார் தொகுப்பு வாங்குவது எளிது.

பேலன்சிங்குக்குச் சில லாரிக் கடைகள் உள்ளே சிறு மணிகளைப் போடுவார்கள், ஹப்பில் பொருத்தும் சென்ட்ராமாட்டிக் வளையங்களும் உண்டு. இயந்திரத்தில் வைத்து ஈயக்கட்டை ஒட்டித் தரும் கடை கிடைத்தால் அதுவே போதும்.

மாட்டும் நாள்

வேலை எளிது, அவசரம் கூடாது.

1. ஒரு நேரம் ஒரு சக்கரம். கை பிரேக், எதிர்ச்சக்கரம் உருளாமல் தடுக்கும் கட்டை, வண்டி எடையைத் தாங்கும் ஸ்டாண்ட்.
2. ஹப் முகத்தைக் கம்பித் தூரிகையால் பளிச்சென்று தேயுங்கள். துருப்பொடியின் மேல் வீல் உட்கார்ந்தால், அது உதிர்ந்த பிறகு நட் தளரும். பெரும்பாலான ‘தானாக’ நட் கழன்ற கதைகளின் மூலம் இதுதான். ட்யூலியில் உள் வீலின் இரு முகத்தையும் தேய்க்க வேண்டும்.
3. ஸ்டட் மரையில் எண்ணெய், கிரீஸ் எதுவும் வேண்டாம். எண்ணெய் பட்டால் அதே டார்க்கில் (இறுக்கும் முறுக்குவிசை) ஸ்டட் அளவுக்கு மீறி இழுபடும். ஃபோர்டின் இரண்டு துண்டு நட்டில் மட்டும் வாஷருக்கும் நட்டுக்கும் நடுவே ஒரு துளி விடலாம்.
4. எல்லா நட்டையும் கையால் ஏற்றி, வீல் ஹப்பில் முழுதாக உட்கார்ந்ததா என்று பார்த்து, எதிரெதிராக நட்சத்திர வரிசையில் இறுக்குங்கள். இம்பாக்ட் கன் வேண்டாம்.
5. வண்டியைத் தரையில் இறக்கிக் கடைசி டார்க். ஃபோர்டு சூப்பர் டூட்டிக்கு 165 அடி-பவுண்டு, ஜி.எம்.முக்கு 140. ராமில் ஆண்டுக்கும் ஸ்டட் வகைக்கும் ஏற்ப மாறும் என்பதால் கையேட்டைப் பாருங்கள். வீல் தயாரிப்பாளர் வேறு எண் கொடுத்திருந்தால் அதுவே செல்லும்.
6. ஸ்டியரிங்கை இரு பக்கமும் முழுதாக ஒடித்து இடிக்கிறதா என்று பாருங்கள்.

50 முதல் 100 மைல் ஓடியதும் எல்லா நட்டையும் மறுபடி டார்க் ரெஞ்ச் வைத்துப் பாருங்கள். முதல் முறை பாரம் ஏற்றி ஓடிய பிறகு இன்னொரு முறை.

காற்று எவ்வளவு?

பக்கச்சுவரில் 110 என்று போட்டிருக்கிறதே என்று நாலுக்கும் 110 அடித்துக்கொண்டு, “வண்டி கல்லாக இருக்கிறது” என்று புலம்புவோர் உண்டு. அது அதிகபட்சப் பாரத்துக்கான அழுத்தம். ஒவ்வொரு டயர் நிறுவனமும் எடைக்கு எவ்வளவு காற்று என்ற அட்டவணை வெளியிட்டிருக்கிறது. எடைச்சீட்டை எடுங்கள், அச்சு எடையை டயர் எண்ணிக்கையால் வகுங்கள், இடது வலது வித்தியாசத்துக்குக் கொஞ்சம் கூட்டிக்கொண்டு அட்டவணையில் பாருங்கள். அட்டவணையின் கீழ் எல்லைக்கும் கீழே போகாதீர்கள். டீசல் வண்டி காலியாக நிற்கும்போது எடை முன்னால்தான் அதிகம், அதனால் காலியில் முன்னுக்கு அதிகக் காற்றும் பின்னுக்குக் குறைவும் வரும். கேம்பர் ஏறியதும் தலைகீழ்.

காலையில் டயர் குளிர்ந்திருக்கும்போது அளந்து பாருங்கள். வெப்பம் 5 பாகை செல்சியஸ் இறங்கினால் 100 பி.எஸ்.ஐ.யில் சுமார் 2 குறையும். அக்டோபரில் சரியாக இருந்தது ஜனவரியில் சரியாக இருக்காது. சாதாரண பெட்ரோல் நிலையத்தின் காற்றுக்குழாய் 110-க்கு ஏறாது, டிரக் ஸ்டாப்பில் ஏறும். 150 வரை காட்டும் அளவுமானி ஒன்றும், அதே அழுத்தம் வரை போகிற சிறு கம்ப்ரசர் ஒன்றும் வண்டியிலேயே இருக்கட்டும்.

ட்யூலியில் ஜோடி டயர்களின் விட்டம் கால் அங்குலத்துக்கு மேல் வேறுபடக் கூடாது. பெரியதுதான் அதிகப் பாரத்தைச் சுமக்கும், சின்னது தரையில் தேய்ந்துகொண்டே வரும். ஒன்று பஞ்சராகிப் புதிது போட்டால் தேய்மானத்தை அளந்து ஜோடி சேருங்கள். வாடகைக்குச் சரக்கு ஓட்டுபவர்கள் சாலையோரச் சோதனையையும் நினைவில் வைக்க வேண்டும்: முன் டயரில் அங்குலத்தில் 32-இல் 4 பங்கு பட்டன், மற்றவற்றில் 2 பங்கு இருந்தாக வேண்டும்.

கடைசியாக ஸ்டெப்னி. நாலு வீலுக்கும் பணம் செலவழித்துவிட்டு, அடியில் பழைய 18 அங்குலத்தைத் தொங்கவிடுபவர்கள் நிறைய. முன்னே சொன்ன 245/70 அளவில் விட்டம் ஒத்துப்போவதால் அவசரத்துக்குப் பழையதைப் போட்டுக் காலி வண்டியை ஓட்டலாம். பாரத்தோடு நெவாடா பாலைவனத்தில் நின்றால், 3,640 மட்டுமே தாங்கும் அந்தப் பழைய டயர்தான் முழுப் பாரத்துக்கும் ஈடுகொடுக்க வேண்டும். ஐந்தாவது ரிம்மையும் ஐந்தாவது டயரையும் அதே நாளில் அதே கடையில் வாங்கிவிடுங்கள். ட்யூலி என்றால் ஏழாவது. தொங்கும் வின்ச் அந்த எடையைத் தூக்குமா என்று அங்கேயே ஒரு முறை ஏற்றி இறக்கிப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.